தரங்கம்பாடி போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

போன இதழ்ல "கடலோர சின்ன ஊர் எதைப் பத்தியாவது கேள்வி அனுப்புங்க"ன்னு ஒரு வரிதான் போட்டோம். வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல தரங்கம்பாடி பத்தித்தான் இருக்கு. சரி, இந்த வாரம் முழுக்க அந்த ஊரும் அதைச் சுத்தி இருக்கிற கரையும்தான்.

கேள்வி (சேலம் வாசகி): திருக்கடையூர்ல அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். காலைல எல்லாம் முடிஞ்சிடும், ராத்திரிதான் மயிலாடுதுறைல ட்ரெயின். நடுவுல தரங்கம்பாடி போய் வரலாமா? பெரியவங்களும் குழந்தைகளும் கலந்த கூட்டம், எங்கே ஆரம்பிக்கறது?

பதில்: தாராளமா போகலாம், திருக்கடையூர்ல இருந்து பத்து கிலோமீட்டர் கூட வராது. ஆனா சாப்பிட்ட கையோட ரெண்டு மணி வெயில்ல கிளம்பாதீங்க, அப்பா அம்மா காலைலேர்ந்து ஹோமப் புகைல உட்கார்ந்து களைச்சிருப்பாங்க, கொஞ்ச நேரம் படுக்க விட்டுட்டு மூணரை வாக்குல கிளம்புங்க. வேன்காரர் நேரா பீச்சுல கொண்டுபோய் விடறேன்பார். வேண்டாம், ஊர் நுழைவாசல்லயே இறங்கிடுங்க. வெள்ளையா ஒரு வளைவு வாசல் நிக்கும், 1792ல டேனிஷ்காரங்க, அதாவது டென்மார்க் நாட்டுக்காரங்க கட்டினது, அப்போ ஊர் அவங்க கைல இருந்துச்சு, மேல அவங்க ராஜமுத்திரை இருக்கும். அந்த வாசலுக்குள்ள நுழைஞ்சு நேரா கிழக்க நடந்தா ராஜ வீதி, அதோட முடிவுல கோட்டை, கோட்டைக்கு அந்தாண்ட கடல், அவ்வளவுதான் ஊர். நடக்க முடியாதவங்களை வேன்லயே கோட்டை மைதானத்துக்கு அனுப்பிடலாம், மத்தவங்க மெதுவா நடங்க.

வழில ரெண்டு சர்ச் வரும். சீயோன் சர்ச் 1701, புது எருசலேம் சர்ச் 1718. முதல்ல சொன்னது டேனிஷ்காரங்களுக்காகக் கட்டினது, ரெண்டாவது தமிழ் கிறிஸ்தவங்களுக்காக. புது எருசலேம் சர்ச் முகப்புல கிரீடத்தோட ஒரு சின்னம் செதுக்கியிருக்கும், அது டென்மார்க் ராஜா நாலாம் பிரெடரிக்கோட முத்திரை. இங்க தமிழ்ல அச்சு வேலை ஆரம்பிச்ச ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு உள்ளேதான் அடக்கம். திறந்திருந்தா செருப்பைக் கழட்டிட்டு உள்ள போங்க, பிரார்த்தனை நடந்தா வெளியவே நில்லுங்க. அடுத்து கவர்னர் பங்களா, பெரிய தூண்கள் வச்ச கட்டடம், ரொம்ப காலம் இடிஞ்சு கெடந்ததை டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் நம்ம ஆளுங்களும் சேர்ந்து சரி பண்ணாங்க.

கோட்டையை நாலே முக்காலுக்கு மேல தள்ளிப் போடாதீங்க, உள்ள மியூசியம் சாயங்காலம் மூடிடுவாங்க. வெள்ளிக்கிழமை லீவு, அதையும் பார்த்து வச்சுக்கங்க. குழந்தைங்க கூட இருக்கறதால ஒண்ணு சொல்றேன், மேல்தளத்துல நின்னு கடலையே பார்த்துட்டு இருக்காம கீழ்தளத்து அறைகளையும் காட்டுங்க. ஜெயில், வெடிமருந்து ரூம், சரக்குக் கிடங்கு எல்லாம் அங்கதான். மேல கவர்னரும் பாதிரியாரும் வியாபாரிகளும் இருந்திருக்காங்க. ஒரே கட்டடத்துக்குள்ள சாமி, சரக்கு, சிறை மூணும். கம்பெனி ஆட்சின்னா என்னன்னு பாடப்புத்தகத்துல படிக்கறதை விட அங்க ரெண்டு நிமிஷம் நின்னா புரிஞ்சிடும்.

கேள்வி (திருச்சி வாசகர்): தரங்கம்பாடி கடற்கரைல ஓசோன் காத்து அதிகம், நுரையீரலுக்கு ரொம்ப நல்லதுன்னு வாட்ஸ்அப்ல வருதே, உண்மையா?

பதில்: அண்ணே, ஓசோன் வானத்துல உசரத்துல இருந்தாதான் நமக்கு நல்லது, மூக்குக்கு நேரா வந்தா அது தொண்டையும் நுரையீரலும் எரியற சமாச்சாரம், நகரங்கள்ல காத்து மாசுன்னு அளக்கற பட்டியல்ல அதுவும் ஒண்ணு. நீங்க முகர்ற "கடல் வாசனை" பெரும்பாலும் கடல்ல இருக்கற நுண்ணிய பாசி வகைங்க விடற டைமெத்தில் சல்பைடுங்கற கந்தக வாயுவோட வாசம். அங்க காத்து நல்லாத்தான் இருக்கு, கூட்டம் கம்மி, புகை கம்மி, எதிர்ல வங்காள விரிகுடாவைத் தவிர ஒண்ணும் இல்ல. அதுக்கு அந்தக் காரணமே போதும். ஆஸ்துமாக்காரங்க இன்ஹேலரை வீட்ல வச்சுட்டுப் போகாதீங்க, அவ்வளவுதான்.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவி): தமிழ்ல முதல்முதல்ல அச்சடிச்ச ஊர் தரங்கம்பாடின்னு எங்க ப்ராஜெக்ட்ல எழுதினேன், சார் தப்புன்னு அடிச்சுட்டார். எது சரி?

பதில்: உங்க சார் பக்கம்தான் நியாயம். தமிழ் எழுத்துல அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578ல கொல்லத்துல வந்தது, போர்ச்சுகீசிய பாதிரியார் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பண்ணது. அதுக்கும் முன்னாடி 1554ல லிஸ்பன்ல ஒரு தமிழ் புத்தகம் வந்திருக்கு, ஆனா அது ரோமன் எழுத்துல. சீகன்பால்கு தரங்கம்பாடில கரை இறங்கினதே 1706 ஜூலை 9ம் தேதிதான்.

ஆனா ப்ராஜெக்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, விஷயம் இருக்கு. முன்னாடி நடந்த அச்சு வேலையெல்லாம் கொஞ்ச நாள் ஓடி நின்னு போச்சு. தரங்கம்பாடில நடந்தது தொடர்ந்து நடந்துச்சு. முதல்ல இங்கிலாந்துல இருந்து ஒரு பிரஸ் வந்துச்சு, அப்புறம் ஜெர்மனியோட ஹாலே நகரத்துல வார்த்த தமிழ் எழுத்துகள் 1713ல வந்து சேர்ந்துச்சு. அந்த எழுத்து சைஸ் பெருசு, காகிதம் நிறைய சாப்பிடும், அதனால சின்ன எழுத்தை இங்கேயே வார்த்தாங்க, காகிதமும் பத்தலைன்னு பக்கத்துல பொறையாறுல பேப்பர் மில்லும் ஆரம்பிச்சுட்டாங்க. 1715க்குள்ள புதிய ஏற்பாடு முழுசா தமிழ்ல அச்சாயிடுச்சு. எழுத்து, காகிதம், அச்சு மூணும் ஒரே வட்டாரத்துல நடந்ததுங்கறதுதான் உங்க ப்ராஜெக்ட்டுக்கு நல்ல பாயிண்ட், "முதல்"ங்கற வார்த்தையை விட்டுட்டு இதைப் பிடிங்க.

இன்னொண்ணு. சீகன்பால்கை எல்லாரும் கொண்டாடினாங்கன்னு நினைச்சுடாதீங்க, டேனிஷ் கமாண்டரே பிடிச்சு 1708 கடைசில கோட்டைக்குள்ள நாலு மாசம் அடைச்சு வச்சார். நம்ம ஊர் தெய்வங்களைப் பத்தி அவர் 1713ல எழுதின பெரிய நூல் அவர் காலத்துல அச்சாகவே இல்ல, 1867ல தான் மெட்ராஸ்ல வந்துச்சு. 1719ல இறக்கறப்போ வயசு 36.

கேள்வி (மதுரை வாசகர்): சிமெண்ட் ரோடு, லாட்ஜ், ரிசார்ட்டுன்னு எல்லா ஊரும் ஒண்ணா ஆயிட்டிருக்கு. டேனிஷ்காரன் அவ்வளவு தூரத்துல இருந்து வந்து இந்தக் குட்டி ஊர்ல என்னத்தைக் கண்டான், அப்புறம் ஏன் வித்துட்டுப் போனான்?

பதில்: மிளகுதான் முதல் ஆசை, அப்புறம் துணி. 1620ல ஓவே யெட்டேங்கற இளவட்ட அட்மிரல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு இங்க கோட்டை கட்ட அனுமதி வாங்கினார். நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு தங்கத் தகட்டுல தமிழ்ல எழுதி அனுப்பின கடிதம் இன்னமும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கு. தஞ்சாவூர்லயோ தரங்கம்பாடிலயோ அதோட நல்ல நகல் ஒண்ணை பெருசா வச்சா எத்தனை பேர் நின்னு படிப்பாங்க, சொல்லுங்க.

எனக்கு இந்த ஊர் சரித்திரத்துல ரொம்பப் பிடிச்ச பகுதி அதுக்கப்புறம் வர்றது. 1639க்கு அப்புறம் ஏறக்குறைய முப்பது வருஷம் டென்மார்க்ல இருந்து ஒரு கப்பல் கூட வரல. அங்க போர், கடன், இவங்களை அனுப்பின டேனிஷ் வியாபாரக் கம்பெனி திவால். இங்க இருந்தவங்க காய்ச்சல்ல ஒவ்வொருத்தரா செத்துப் போனாங்க, கடைசில எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கேங்கற சாதாரண ஆள்தான் தலைவர்னு மிஞ்சினார். பெரிய குடும்பமும் இல்ல, பதவி குடுத்து அனுப்பினவங்களும் இல்ல. அந்த ஆளு உள்ளூர் ஆட்களை வச்சுக்கிட்டு, வங்காளக் கப்பல்களை மறிச்சுப் பிடிச்சு அந்தச் சரக்குல செலவை ஓட்டி, நாயக்கர் படை வந்தப்போ ஊரைச் சுத்தி மதில் எழுப்பி, கொடியை இறக்காமயே வச்சிருந்தார். 1669ல ஒரு வழியா கப்பல் வந்தப்போ கோட்டை அவங்க கைலயே இருந்துச்சு. இதை வீரம்னும் சொல்லலாம், கடற்கொள்ளைன்னும் சொல்லலாம், வங்காளத்து வியாபாரிகிட்ட கேட்டா ரெண்டாவதைத்தான் சொல்லியிருப்பான்.

வித்த கதை சிம்பிள். இங்கிலீஷ்காரன் எல்லாத்தையும் பிடிச்சதுக்கப்புறம் சின்ன கம்பெனிக்கு வியாபாரம் இல்ல, நெப்போலியன் சண்டைல வேற பிரிட்டிஷ்காரங்க ஊரைப் பிடிச்சு 1815ல தான் திருப்பிக் குடுத்தாங்க. 1845ல தரங்கம்பாடியையும் வங்காளத்துல இருந்த செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வித்துட்டாங்க. கொஞ்ச வருஷம் கலெக்டர் ஆபீஸ் இங்க இருந்துச்சு, அதுவும் போயிடுச்சு. 1861ல நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் துறைமுக வியாபாரம் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ஞ்சிடுச்சு. இங்க வளர்ச்சி நின்னு போச்சு, அதனாலதான் பழைய வீதிகள் இடிபடாம தப்பிச்சது. உங்க முதல் வரிக்கான பதிலும் இதுலயே இருக்குன்னு நினைக்கறேன்.

கேள்வி (சென்னை வாசகி): மாசிலாமணிநாதர் கோயில் பாதி கடலுக்குள்ள போயிடுச்சுங்கறாங்க. சுனாமில போச்சா?

பதில்: இல்லம்மா, 2004க்கு ரொம்ப முன்னாடியே போக ஆரம்பிச்சது. மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், பதினாலாம் நூற்றாண்டு ஆரம்பம். அங்க இருக்கிற கல்வெட்டுல ஊர் பேர் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம்னு வருது. டேனிஷ்காரன் கால் வைக்கறதுக்கு முந்நூறு வருஷம் முன்னாடியே இது பேர் பெத்த ஊர்னு அந்தக் கல்லே சொல்லுது, ஆனா கோட்டை வாசல்ல எடுக்கற போட்டோல பத்துல ஒண்ணு கூட இந்தக் கோயில் முன்னாடி எடுக்கறதில்ல, எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான்.

கடல் அரிச்சது மெதுவா நடந்த வேலை. டேனிஷ்காரங்க வரைஞ்ச பழைய வரைபடங்கள்ல கோயிலுக்கும் மதிலுக்கும் கிழக்கே நிலம் இருக்கு, இப்ப அது தண்ணி. இந்தக் கரைல மார்ச்சுல இருந்து அக்டோபர் வரைக்கும் அலை மணலை வடக்க தள்ளும், வடகிழக்குப் பருவக்காத்து அடிக்கறப்போ தெற்க தள்ளும், மொத்தத்துல வருஷக் கணக்குல பார்த்தா வடக்க போறதுதான் அதிகம். இந்த ஓட்டத்துக்குக் குறுக்க எந்த ஊர்ல கல்லைப் போட்டு நீட்டினாலும் அதுக்குத் தெற்க மணல் சேரும், வடக்க கரை தேயும். கோயிலைக் காப்பாத்த முன்னாடி பாறாங்கல் கொட்டியிருக்காங்க, அது இல்லேன்னா மிச்சமும் இருந்திருக்காது. இப்ப திருப்பணி பண்ணி புதுசாவும் சன்னிதி இருக்கு, பழைய கல் பகுதியும் இருக்கு. சின்னதா இருக்கேன்னு பார்த்துட்டுத் திரும்பிடாதீங்க, கடல் பக்கமா போய் வெட்டுப்பட்ட மாதிரி நிக்கிற ஓரத்தைப் பாருங்க, எவ்வளவு போயிருக்கும்னு மனசுல ஒரு கணக்கு வரும். கல் ஈரமா வழுக்கும், ஜாக்கிரதை.

கேள்வி (ஈரோடு வாசகர்): பசங்களோட கடல்ல குளிக்கலாமா? லோ டைட் நேரம் பார்த்துப் போனா சேஃப்தானே?

பதில்: நம்ம கிழக்குக் கரைல ஏத்த வத்தம் ஒரு மீட்டருக்குள்ளதான், அதனால லோ டைட்னா கடல் ரொம்ப தூரம் உள்வாங்கிடும்னு நினைக்காதீங்க, குஜராத் பக்கம் மாதிரி இங்க நடக்காது. இங்க ஆபத்து வேற. அலை கொண்டு வந்து கொட்டற தண்ணி எங்கயாவது ஒரு சந்து வழியா வேகமா திரும்பிப் போகும், அந்த இழுப்புலதான் ஆள் போறது. கரைல நின்னு பார்த்தா ரெண்டு பக்கமும் அலை உடையும், நடுவுல ஒரு இடம் மட்டும் அமைதியா, கலங்கலா இருக்கும். "இங்க அலையே இல்ல, இறங்கலாம்"னு நாம தேர்ந்தெடுக்கற இடம் சரியா அதுவாத்தான் இருக்கும்! கல்லு கொட்டின இடத்துக்குப் பக்கத்துல இந்த இழுப்பு இன்னும் ஜாஸ்தி, கோட்டைக்கும் கோயிலுக்கும் முன்னாடி கல்லுதான். அதனால அங்க இறங்கவே இறங்காதீங்க. மாட்டிக்கிட்டா கரையை நோக்கி நீந்திச் சோர்ந்து போகாம, கரைக்குப் பக்கவாட்டுல நீந்தி இழுப்பை விட்டு வெளிய வந்து அப்புறம் திரும்பணும். பசங்களுக்கு முட்டி அளவு தண்ணி போதும், அதுவும் உள்ளூர் மீனவங்க "இங்க நில்லுங்க"ன்னு காட்டற இடத்துல. அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான், விவாதம் பண்ணாதீங்க.

கேள்வி (பெயர் வேண்டாம்): மழைக்கு அப்புறம் அந்தக் கரைல டேனிஷ் காசு கிடைக்கும்னு சொல்றாங்க. கிடைச்சா நாமளே வச்சுக்கலாமா, வித்தா என்ன கிடைக்கும்?

பதில்: பெயர் வேண்டாம்னு எழுதும்போதே பதில் உங்களுக்குத் தெரியும்னு புரியுது. 1878ம் வருஷப் புதையல் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. மண்ணுல புதைஞ்சு கிடந்து கிடைச்ச பொருளோட மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல இருந்தா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை நாட்டை விட்டு வெளிய அனுப்பறது 1972 சட்டப்படி குத்தம், தெரிஞ்சவர் மூலமா வெளிநாட்டுல ஏலத்துக்கு விடலாம்னு யாராவது ஆசை காட்டினா நம்பாதீங்க.

காசு கிடைச்சிருக்கறது உண்மைதான், டேனிஷ்காரங்க இங்க ஈயத்துல சின்னச் சின்னக் காசு நிறைய அடிச்சிருக்காங்க, ராஜா பேரோட முத்திரை இருக்கும். ஆனா பீச்சுல யாரோ ஒருத்தர் கைல மூடிக் காட்டி "சார் நேத்துதான் கிடைச்சது"ன்னு விக்கறது முக்கால்வாசி போலி. கிடைச்சா தேய்க்காதீங்க, புளி போட்டு வெளக்காதீங்க, எந்த இடம்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு தாசில்தார் ஆபீஸ்லயோ கோட்டை மியூசியத்துலயோ குடுங்க.

கேள்வி (விழுப்புரம் வாசகர்): பக்கத்துல பூம்புகார்ல கடலுக்கடியில இருக்கிற நகரத்தை போட்ல போய் பார்க்க முடியுமா?

பதில்: முடியாது, பார்க்க வைக்கறேன்னு யாராவது காசு கேட்டா நகர்ந்திடுங்க. 1981ல இருந்து கடலடி ஆய்வு நடந்திருக்கு, 1991ல 23 மீட்டர் ஆழத்துல லாட வடிவத்துல ஒரு அமைப்பைக் கண்டுபிடிச்சாங்க, அது மனுஷன் கட்டினதா இயற்கையாங்கறதுல இன்னும் சண்டை. அங்க தண்ணி கலங்கல், பயிற்சி எடுத்த டைவருக்கே கஷ்டம்.

தரைல இருக்கறதை விட்டுட்டு எல்லாரும் தண்ணிக்குள்ள தேடறதுதான் வேடிக்கை. கீழையூர்ல செங்கல்லுல கட்டின படகுத்துறை ஒண்ணு 1960கள்ல தோண்டி எடுத்தாங்க, அதுல நட்டு வச்சிருந்த மரத்தூண்களை கார்பன் கணிப்பு பண்ணதுல கி.மு. மூணாம் நூற்றாண்டுன்னு வந்துச்சு. பல்லவனேஸ்வரத்துல புத்த விகாரையோட அடித்தளம் இருக்கு, புத்தர் பாதம் செதுக்கின கல்லும் அங்க கிடைச்சதுதான். ரெண்டு இடத்துலயும் வெள்ளிக்கிழமை சந்தை மாதிரி கூட்டம் இருக்காது, பல நாள் நீங்க மட்டும்தான் நிப்பீங்க. சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973ல திறந்த ஏழு நிலை மாடம், உள்ள கண்ணகி கதையைக் கல்லுல வரிசையா செதுக்கியிருக்காங்க. கிளம்பறதுக்கு முன்னாடி திறந்திருக்கான்னு மட்டும் விசாரிச்சுக்கங்க. காவிரி கடல்ல சேர்ற இடமும் பக்கத்துலயே, ஆடி அமாவாசை தை அமாவாசைல மட்டும் கூட்டம் நெரியும்.

கேள்வி (பெங்களூர் வாசகி): எந்த மாசம் போகலாம்? மே மாசம் பசங்க லீவு.

பதில்: ஜனவரில இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும்தான் என் ஓட்டு. அக்டோபர் கடைசி, நவம்பர், டிசம்பர்ல மழையும் புயல் சின்னமும், கரையும் குறுகிப் போயிருக்கும். மே மாசம்தான் முடியும்னா காலைல ஆறுல இருந்து ஒன்பது, சாயங்காலம் நாலரைக்கு மேல, நடுவுல ரூம்லயே இருங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், பைபர் போட்காரங்க மட்டும் கரையோரமா போய்ட்டு வருவாங்க, அதனால மீன் கம்மியா கிடைக்கும், விலை ஏறியிருக்கும், "கடல் பக்கத்துல இருந்துக்கிட்டு இவ்வளவு விலையா"ன்னு சண்டை போடாதீங்க.

ஜனவரி, பிப்ரவரில போனா ராத்திரி டார்ச் லைட் அடிச்சுக்கிட்டு கரைல சுத்தாதீங்க, பங்குனி ஆமைங்க முட்டை போட வர்ற சீசன். வெளிச்சம் பார்த்தா திரும்பிப் போயிடும். மணல்ல டிராக்டர் தடம் மாதிரி ஒண்ணு கடல்ல இருந்து மேல ஏறிப் போயிருந்தா, அதைத் தோண்டாம வனத்துறைக்குச் சொல்லுங்க. சீர்காழிப் பக்கம் கரைல முட்டைகளைச் சேர்த்துப் பொரிக்க வைக்கறாங்க, குஞ்சு விடற நாள் தெரிஞ்சா பசங்களுக்கு அதை விட பெரிய லீவு எதுவும் இல்ல.

கேள்வி (அதே பெங்களூர் வாசகி): வலை பின்றவங்க, கருவாடு காயவைக்கறவங்களை போட்டோ எடுக்கலாமா?

பதில்: கேட்டுட்டு எடுங்க. "அண்ணே, எடுக்கட்டுமா", "அக்கா, எடுக்கட்டுமா"ன்னு ஒரு வார்த்தை, பெரும்பாலும் சிரிச்சுட்டு சரிம்பாங்க. சுனாமி பத்தி மட்டும் நீங்களா ஆரம்பிக்காதீங்க. அந்தக் குப்பத்துல நீங்க பேசற ஆளு யாரை இழந்தவர்னு உங்களுக்குத் தெரியாது. அவங்களே சொன்னா கேளுங்க, அப்போ கேமராவைக் கீழ வச்சிடுங்க.